விளைவு முன்னே, காரணம் பின்னே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாரந்தோறும் நீங்கள் வெளியிடும் ஆங்கிலப் பாடப் பகுதியை எங்கள் ஊர்ப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். காரைக்குடியில் டியூஷன் எடுக்கும் எனக்கு அந்த நோட்டுகளோடுதான் தினமும் வேலை. சென்ற வாரம் 'ஸ்டெம் ஃப்ரம்' என்ற தொடருக்கு 'ஒன்றிலிருந்து தோன்றுதல்' என்று பொருள் போட்டு, ஒரே ஒரு எடுத்துக்காட்டோடு முடித்துவிட்டீர்கள். பொருள் சரிதான். ஆனால் பொருளை மனப்பாடம் செய்த பிள்ளைதான் வாக்கியம் எழுதும்போது சறுக்குகிறது.

தமிழில் நாம் பெரும்பாலும் காரணத்தை முதலில் சொல்லிப் பழகியவர்கள். '1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததால் அங்கே தொழில் நடத்திய நகரத்தார் செட்டியார்களுக்குப் பெரிய நஷ்டம் வந்தது' என்போம். இந்த வரிசையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், படையெடுப்பை முன்னால் வைத்து நடுவில் 'ஸ்டெம்டு ஃப்ரம்' போட்டால் என்ன ஆகும்? செட்டியார் வீட்டில் நஷ்டம் வந்ததால் ஜப்பான்காரன் படையெடுத்தான் என்று ஆகிவிடும். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை இல்லை, சரித்திரம்தான் தலைகீழ். இந்தத் தொடருக்கு விளைவு முன்னால் வரவேண்டும், காரணம் பின்னால் வரவேண்டும். 'ரிசல்ட் ஃப்ரம்' என்பதற்கும் இதே வரிசைதான். 'ரிசல்ட் இன்', 'லீட் டு' இரண்டும் நேர் எதிர்: காரணம் முதலில், விளைவு அப்புறம். இந்த நான்கையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் மனதில் நிற்கும். வாரம் ஒன்றாகப் பிரித்துப் போட்டால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

எடுத்துக்காட்டுக்கு டெல்லிக்கும் லண்டனுக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, அச்சின் கட்டத்துக்கொரு வண்ணமாகச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு சாந்து போட்டு அழுத்துவார்கள். சூளையில் சுடுவது கிடையாது. காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பதோடு சரி. இறுகிய பிறகு கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரித்தால் முகம் பளபளவென்று இருக்கும். அந்த வழவழப்பு பாலிஷ் போட்டு வந்ததல்ல, கண்ணாடியிலிருந்து வந்தது. இங்கே 'ஸ்டெம்ஸ் ஃப்ரம்' அழகாகப் பொருந்தும். ஆனால் கல்லே சிமென்டிலிருந்து 'ஸ்டெம்' ஆகிறது என்று எழுதக்கூடாது. அது மூலப்பொருள்; அதற்கு 'மேட் ஆஃப்' இருக்கிறது. அதேபோல 'ஐ ஸ்டெம் ஃப்ரம் காரைக்குடி' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. சொந்த ஊரைச் சொல்ல 'கம் ஃப்ரம்' போதும்.

எனக்கு அதிகம் சிவப்பு மை செலவாவது இன்னொரு இடத்தில். 'இஸ் காஸ்டு பை' என்று படித்த பழக்கத்தில் 'இஸ் ஸ்டெம்டு ஃப்ரம்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் தொடருக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. நடுவில் 'இஸ்' வரவே கூடாது. காரணம் இன்றும் தொடர்ந்தால் நிகழ்காலத்தில் 'ஸ்டெம்ஸ்', முடிந்துபோன சங்கதி என்றால் 'ஸ்டெம்டு'. 'ஸ்டெம்டு' என்று எழுதும்போது 'எம்' இரண்டு முறை வரும். பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரலாம், 'ஐஎன்ஜி'யில் முடியும் சொல் வரலாம். எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியம் வருவதானால் 'தி ஃபேக்ட் தட்' சேர்க்க வேண்டும். வேலைக்கு நேர்காணல் போகிற பிள்ளைக்கு இந்தக் கடைசி விஷயம் அவசியமே இல்லை என்பது என் கட்சி. பேச்சில் 'பிகாஸ்' என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. 'ஸ்டெம் ஃப்ரம்' கட்டுரைக்கும் பத்திரிகை நடைக்கும் ஏற்றது. அதை உங்கள் பகுதியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

'ஃப்ரம்' இல்லாமல் தனியாக வரும் 'ஸ்டெம்' தடுத்து நிறுத்துவதையும் குறிக்கும். ரத்தம் வழிவதை நிறுத்துவதற்கு அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். வாசித்துப் பொருள் சொல்லும் பகுதியில் இது வந்தால் பிள்ளைகள் திணறுவார்கள். அதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

அப்புறம், பயிற்சி வினாக்களின் விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடுவதை விட்டுவிட்டு அடுத்த வாரம் போடுங்கள். பேப்பரைத் திருப்பிப் பிடித்து முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி