கயல்விழிக்கு: கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பத் தொடங்குமுன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பிட்ஸ்பர்கில் நானும் உன் அம்மாவும் நலம். .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று வாங்கியிருப்பதாகவும், அதற்கான தோட்டாக்களை நீயே நிரப்பப் போவதாகவும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாய். "மான் வேட்டைக்கு .30-06 ரைபிள் தோட்டா எத்தனையோ நிரப்பியிருக்கிறேனே அப்பா, இது அதைவிடச் சுலபம்தானே" என்று சிரித்தாய். சுலபம்தான், அந்தச் சுலபத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலை குறைவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரைபிள் கூட்டுக்கு, அதாவது வெடிமருந்தும் குண்டும் அடங்கும் உலோக உறைக்கு, கழுத்தும் தோளும் உண்டு. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி, டை என்னும் அச்சில் அழுத்தி, துடைத்து, நீளம் அளந்து, தேவைப்பட்டதை வெட்டிக்கொண்டிருந்தோம். .38 கூடு நேரான குழாய். கார்பைடு வளையம் வைத்த டை இருந்தால் எண்ணெய் வேண்டாம்; கூடு நீள்வதும் மிகக் குறைவு, ஆகவே வெட்டும் வேலை அநேகமாக இல்லை. அழுத்தத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: .30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, சாதாரண .38 ஸ்பெஷலுக்கு 17,000.

இந்த எண்களைப் பார்த்து .38 சாதுவானது என்று எண்ணிவிடாதே. .30-06 கூட்டில் ஐம்பது கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை) அளவில் வெடிமருந்து போடுவாய். அது ஏறக்குறைய கழுத்துவரை நிற்கும், மறதியாக இன்னொரு முறை ஊற்றினால் மேசையெல்லாம் சிந்தித் தானே காட்டிக்கொடுத்துவிடும். .38 ஸ்பெஷலோ 1898இல், கரிமருந்துக் காலத்தின் கடைசியில் பிறந்தது. கரிமருந்துக்கு இடம் வேண்டுமென்றே அந்தக் கூட்டை அத்தனை நீளமாகச் செய்தார்கள். இன்றைய புகையற்ற மருந்தில் நான்கைந்து கிரெயினே அதற்குப் போதும் என்பதால் கூட்டின் பெரும்பகுதி வெறும் காற்றுதான். இரண்டு மடங்கு விழுந்தாலும் சிந்தாது, குண்டும் வழக்கம்போல் உட்காரும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் சுடும்போது ரிவால்வரின் உருளையே பிளக்கக்கூடும். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். ஒரு டப்பா மருந்தில் ரைபிளுக்கு நூற்று நாற்பது தோட்டா வரும், இதற்கு ஆயிரத்து ஐந்நூறு வரும். அத்தனை முறையில் ஒரு முறை கவனம் பிசகினால் போதும்.

எனக்கே பிசகியது. நீ கல்லூரியில் இருந்தபோது ஒரு மாலை, ஐம்பது கூடுகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்த நடுவில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடம் இதுதான் என்று ஒரு நினைப்பில் தொடர்ந்து, குண்டுகளையும் பொருத்திவிட்டேன். இரவு படுத்தபின்தான் சந்தேகம் வந்தது. எழுந்து போய் ஒவ்வொரு தோட்டாவாக எடை போட்டேன். பல ஆலைகளின் கூடுகள் கலந்திருந்ததால் கூட்டுக்குக் கூடு இருந்த எடை வித்தியாசமே ஒரு தடவை ஊற்றும் மருந்தின் அளவுக்கு வந்தது, தராசினால் பயனில்லை. கடைசியில் குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஐம்பதையும் தட்டிப் பிரித்தேன். உன் அம்மா சத்தம் கேட்டு மாடிப்படியில் வந்து நின்றதும், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனதும் நினைவிருக்கிறது. அந்த ஐம்பதில் ஒன்றில் மருந்தே இல்லை. அதுவும் குறைந்த ஆபத்தல்ல: கூட்டின் அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவிலேயே நிறுத்திவிடும், அடுத்து வரும் குண்டு அதன்மேல் மோதிக் குழலை வீங்க வைக்கும். "டப்" என்று சத்தம் அடங்கி ஒலித்தால் அடுத்த விசையை இழுக்காதே; துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, குழல் திறந்திருக்கிறதா என்று பார்.

ஆகவே, நிரப்புதல் கையேட்டில் உன் குண்டுக்கு உரிய மருந்துகளில், கூட்டில் பாதிக்குமேல் நிரம்பும் பருமனான ஒன்றைத் தேர்ந்தெடு. இரட்டை ஊற்றினால் வழிய வேண்டும். கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்தே தொடங்கு. டைகளைப் பூட்டி இயக்கும் பிரஸில், படிப்படியாகத் தானே சுழலும் வகையை வாங்கும் ஆசை இப்போது வேண்டாம், உன்னிடமிருக்கும் ஒற்றைப் பிரஸே போதும். ஐம்பதுக்கும் மருந்து ஊற்றிய பின், குண்டு வைக்குமுன், டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டின் வாய்க்குள்ளும் பார். கண்ணுக்கு உயரம் மாறித் தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு மீண்டும் அளந்து ஊற்று.

உனக்குப் புதிதாக இருக்கப்போவது நடு டை. ரைபிளுக்கு இரண்டு டையோடு முடித்தோம், இதற்கு மூன்று. இரண்டாவது, கூட்டின் வாயைச் சிறிதே விரிக்கும், இல்லையேல் ஈயக் குண்டின் பக்கம் சீவப்பட்டுவிடும். குண்டு எளிதாக நிற்கும் அளவுக்கு விரித்தால் போதும், அதிகம் விரித்தால் வாய் சீக்கிரம் விரிசல் விடும். குண்டை வைத்தபின் அந்த வாயை அதன் பள்ளத்துக்குள் மடக்க வேண்டும். பின்னதிர்வில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னால் நழுவி, உருளை சுழலாமல் சிக்கிக்கொள்வதை அந்த மடிப்புதான் தடுக்கிறது. பின்னாளில் 9 மில்லிமீட்டர் தானியங்கிக் கைத்துப்பாக்கி வாங்கினால் இந்த மடிப்பை அங்கே செய்யாதே. அந்தத் தோட்டா கூட்டின் வாய் விளிம்பால்தான் அறையில் நிற்கிறது, விரிப்பை நேராக்கும் அளவுக்கு மெல்ல ஒடுக்கினால் போதும். அங்கே குண்டு உள்ளே அமுங்கினால் அழுத்தம் திடுமென ஏறும் என்பதையும் மறவாதே.

பிரைமர் பெட்டிகளைத் தனித்தனி அலமாரியில் வை. ரைபிளின் பெரிய பிரைமர் கைத்துப்பாக்கிப் பிரைமரைவிட உயரமானது. கூடு மெருகேற்றும் இயந்திரத்தை வீட்டுக்கு வெளியே ஓட்டு, தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். சின்னவன் தவழும் தரையில் அது படியக்கூடாது. மேசையிலிருந்து எழுந்தால் கை கழுவிவிட்டுத்தான் அவனைத் தூக்க வேண்டும்.

என் .38 டை மூன்றையும் கூடுகளை நிறுத்தி வைக்கும் ஐம்பது துளைக் கட்டையையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மருந்தும் பிரைமரும் தபாலில் அனுப்பக்கூடாதவை, அங்கேயே வாங்கிக்கொள். முதல் ஐந்து தோட்டாவைச் செய்ததும், சுடுமுன், எனக்குப் படம் எடுத்து அனுப்பு. வாய் மடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா