கிளாட் தேர்வைத் தமிழிலும் எழுத விடுங்கள்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புக்கு,

வணக்கம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. அதற்குத் தயாராகிறவர்கள் முதலில் பழகுவது சட்டத்தை இல்லை, வேகமாக ஆங்கிலம் படிப்பதை. 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்பாகப் போட்டால் கால் மதிப்பெண் போச்சு. கேள்விகளோ நீள நீளமான பத்திகளிலிருந்து வருகின்றன.

சட்டப் பகுதிக்கு முன்பே சட்டம் தெரிந்திருக்க வேண்டாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். நல்ல முறைதான். விதியைக் கொடுத்து, சம்பவத்துக்குப் பொருத்தச் சொல்கிறீர்கள். உதாரணமாக: தன் நிலத்தில் ஆபத்தான பொருளைத் தேக்கி வைத்தவர், அது வெளியேறிப் பக்கத்து நிலத்தைப் பாழாக்கினால், கவனக்குறைவே இல்லாவிட்டாலும் பொறுப்பாளி, யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம் என்றால் மட்டும் விலக்கு. சரி, தேக்கிய தண்ணீர் ஐப்பசி மழையில் கரையை உடைத்துக்கொண்டு போனால்? ஐப்பசியில் மழை பெய்வதை எதிர்பார்க்க முடியாதா என்ன! தமிழ் வழியில் பிளஸ் டூ படித்த பெண் இதைச் சட்டென்று பிடித்துவிடுவாள். அதே விதி, மூன்று நிபந்தனைகளைச் சுமந்த ஒற்றை ஆங்கில வாக்கியமாக வந்தால், அவள் எழுவாயைக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும்.

வகுப்பு ஆங்கிலத்தில்தானே என்பீர்கள். மருத்துவக் கல்லூரியிலும் அப்படித்தான். ஆனாலும் நீட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். ஆங்கிலத்தைச் சோதிக்க உங்களிடம் தனிப் பகுதியே இருக்கிறது, 22 முதல் 26 கேள்விகள் வரை. அது அப்படியே இருக்கட்டும். நடப்பு நிகழ்வும் தர்க்கமும் விழுக்காட்டுக் கணக்கும்கூட ஏன் ஆங்கிலத் தேர்வாகவே இருக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பில் பிழை வரும் என்ற பயம் நியாயமானது. சட்டத்தில் ஒரு சொல் மாறினால் விடையே மாறும். நீட் அதற்கும் வழி வைத்திருக்கிறது. வினாத்தாளில் இரு மொழியும் இருக்கும், சந்தேகம் வந்தால் ஆங்கிலமே முடிவு. சரிபார்க்க ஆள் வேண்டுமா? உங்கள் உறுப்பான தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் திருச்சியில்தான் இருக்கிறது.

கிளாட் தேர்வை மற்ற இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அதற்குப் பிறகு வந்த தேர்வுகளும் ஆங்கிலத்தில் மட்டுமே.

அடுத்த அறிவிப்புக்கு முன் ஒரே ஒரு மாதிரி வினாத்தாளைத் தமிழில் வெளியிடுங்கள். எங்கே இடிக்கிறது என்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் எழுதி அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
தமிழ் வழியில் படித்துச் சட்டத்துக்கு வந்த ஒருவன்