வேகத்தடை கேட்கும் முன் தெரு முக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் கேரளா போகும் வண்டிகளும் குற்றால சீசன் கார்களும் மெயின் ரோடு நெரிசலுக்குத் தப்பித் தெருவுக்குள் நுழைந்தால், ஊர்க்காரர்கள் உடனே கேட்பது வேகத்தடை. கிடைப்பதோ ஓரடி அகலத்தில் ஒரு தார்க் கட்டி. சாலைத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். அதில் 25 கி.மீ. வேகத்தில் வருபவர் சிரமமின்றிக் கடப்பார். விரைந்து வருபவரைத்தான் அது உலுக்கும். தார்க் கட்டியோ மெதுவாக வரும் பைக்கின் பின் சீட்டில் இருப்பவரையும் தூக்கிப் போடும். அதற்குப் பயந்து பைக்குகள் ஓரத்து இடைவெளியில் ஒதுங்கும். சைக்கிளும் நடப்பவரும் போவது அந்த ஓரத்தில்தானே!

உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது தெரு முக்கு. 6 மீட்டர் தெருவின் இரு முக்கையும் 10 மீட்டர் ஆரத்தில் வளைத்துவிட்டால், மெயின் ரோட்டு ஓரத்தில் அதன் வாய் 26 மீட்டராக விரிகிறது. கார் பிரேக்கைத் தொடாமலே திரும்பும். பாட்டி கடக்க வேண்டிய தூரமோ நாலு மடங்கு. ஆரத்தை 4 மீட்டராகக் குறைத்தால் வாய் 14 மீட்டர்தான், காரும் தானாக மட்டுப்படும். 'பஸ் திரும்பாதே' என்பார்கள். நியாயம்தான். முக்கில் மூன்று விரல் உயரத்துக்குச் சரிவாகக் கல் பதித்தால் பஸ்ஸின் பின் சக்கரம் ஏறி இறங்கும்; கார்க்காரர் அதை ஒதுக்கிவிட்டே திரும்புவார்.

50 கி.மீ.யில் வரும் வண்டி, டிரைவர் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்தால், நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் வேண்டும். 30-ல் வந்தால் 18 போதும். சாரலில் நனைந்த தாரில் இரண்டுமே கூடும். வழவழப்பான வெள்ளைப் பட்டையில் டூவீலர் சறுக்குவதும் அப்போதுதான். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே வெளிச்சம் பட்டு மின்னும் கண்ணாடி மணியோடு சொரசொரப்பான துகளும் தூவச் சொல்லுங்கள்.

வாறுகாலின், அதாவது சாலையோர வடிகாலின், கம்பி மூடியையும் கவனிக்க வேண்டும். கம்பிகள் சாலை போகும் திசையிலேயே இருந்தால் சைக்கிள் டயர் இடுக்கில் இறங்கி, ஆள் ஹேண்டில் பாருக்கு மேலே பறப்பார். கம்பி குறுக்கே இருக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் போடுவதும் ஒப்பந்தக்காரர் வழக்கம். ஓரம் ஒரு சாண் பள்ளமாகி, சரளில் இறங்கிய பைக் திரும்ப ஏற முடியாமல் சாயும். பில் போடும் முன் ஓரத்தைச் சமன் செய்தார்களா என்று வார்டு உறுப்பினர் கேட்கலாம். சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறி உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டால் ஃபைல் கொஞ்சம் நகரும்.

எடுத்த எடுப்பில் கான்கிரீட் வேண்டாம். முக்கில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மணல் நிரப்பிய டிரம்களை இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பள்ளி பஸ்ஸின் பின் சக்கரம் டிரம்மை உரசினால் சாலையை விட்டு அரை மீட்டர் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கோட்டிலேயே கல் பதிக்கலாம்.

- ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர், செங்கோட்டை