முதலில் வந்தது ரூபவாகினி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் முதல் தொலைக்காட்சி ரூபவாகினி என்றுதான் இங்கே பலரும் சொல்கிறார்கள், என் பிள்ளைகளும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள், அது பிழை. ரூபவாகினி வந்தது 1982 பெப்ரவரியில். அதற்கு முன்பே, 1979 ஏப்ரல் 13 அன்று, சித்திரைப் புத்தாண்டு நேரத்தில், ஐ.டி.என். என்ற தனியார் நிலையம் தொடங்கிவிட்டது. ஷான் விக்கிரமசிங்கவும் இன்னும் சிலரும் துணிந்து இறங்கிய வேலை அது. கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டாத சின்ன ஒளிபரப்பு, திருகோணமலையில் இருந்த எங்களுக்கு எட்டவே இல்லை, அதனால்தான் நம் ஆட்களின் நினைவில் அது இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யூன் 5 அன்று அரசு அதைப் பொறுப்பெடுத்துக்கொண்டது. அந்த நாட்களில் கொழும்பில் இருந்து பார்த்த தமிழர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் சொல்வதை உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.