ஒளியைக் காட்டினால் ஈயம் தெரியுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தண்ணீர் மாசை ஒளியால் அறியும் ஒளி உணரிகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், “கருவியைத் தண்ணீரில் இறக்கினால் எல்லா மாசும் நொடியில் தெரிந்துவிடும், இனி ஆய்வுகூடம் எதற்கு?” என்று ஒரு வரி. எழுதியவரை விடுங்கள், உங்கள் கண்ணில் படாமல் அது எப்படி அச்சேறியது?

ஈயமும் ஆர்செனிக்கும் நிறமே காட்டாமல் கரைந்து கிடப்பவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். நைட்ரேட் புறஊதா ஒளியை உறிஞ்சும். எண்ணெயும் பாசியும் ஒளி பட்டால் தாமும் ஒளிரும். அவற்றைப் பிடிக்கலாம். ஈயத்துக்கு மாதிரியை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும். கொழும்பு நடுவே கிடக்கும் பேர வாவியின் பச்சைக்கோ கருவியே வேண்டாம், கொம்பனித்தெருவால் பஸ்ஸில் போகிறவரின் மூக்கு போதும்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கலங்கல் பார்க்கும் கண்ணாடிச் சீசாவில் விரல் அடையாளம் பட்டாலே கருவி காட்டும் எண் ஏறிவிடும். மூடியில் மட்டும் பிடித்து, பஞ்சு உதிராத மெல்லிய துணியால் துடைத்துத்தான் உள்ளே வைப்போம். மேசையிலேயே இந்தப் பாடு என்றால், களனி கங்கையில் மாதக்கணக்கில் கிடக்கும் கருவியின் கண்ணாடியில் வழுவழுவென்று பாசி பிடிக்காதா? தானாகத் துடைக்கும் தூரிகையோடும் கருவி வருகிறது, சரி. அந்தத் தூரிகை தேய்ந்தால் மாற்றுவது யார்? எங்கள் கருவிக்கு ஒரு மின்குமிழ் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருமுன் எனக்குப் பிரியாவிடை விருந்தே வைத்துவிட்டார்கள்.

கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலேக்கு மேலேதான் பியகம தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2015இல் களனியில் எண்ணெய் கலந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே எண்ணெய் பிடிக்கும் உணரி இருந்தால் நல்லதுதான், நானே கைதட்டுவேன். ஆனால் அது கத்தினால் ஓடிவர ஆள் இருக்கிறதா என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நேரம் நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. நடிகை ஒருவரின் கல்யாணத்துக்கு அரைப்பக்கம் இருந்தது. போகட்டும். நீர்வெட்டு அறிவித்தலும் தண்ணீர் நின்று வாளி காலியான பிறகுதான் உங்கள் பத்திரிகையில் வருகிறது, அதையும் விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது ஒரு வரி. “எல்லா மாசும்” என்பது “சில மாசுகள்” என்று அடுத்த ஞாயிறு திருத்தம் போடுங்கள். சின்ன எழுத்தானாலும் பரவாயில்லை, ராசிபலனுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.