உச்சரிப்பு பற்றி அம்மா எழுதுவது

கண்ணா,

அந்த வெளிநாட்டு ஆடிஷனில் உன் உச்சரிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள் என்று இவ்வளவு கலங்கிப் போயிருக்கிறாயே! அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் வேடம் என்றால் சரி, பயிற்சியாளரிடம் போய் முறையாகக் கற்றுக்கொள். அதுவும் தொழில்தான். மற்ற வேடங்களுக்கு, எதிரில் இருப்பவருக்குச் சொல் தெளிவாகக் கேட்டால் போதும்.

1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாகப் போட்டார். துரோணர் ஜப்பானியர் யோஷி ஓய்தா, பீஷ்மர் மேற்கு ஆப்பிரிக்காவின் சோதிகி குயாத்தே, திரௌபதி நம் மல்லிகா சாராபாய். பிரெஞ்சு நாடகம்தான், ஆனால் அவரவர் வாயில் அவரவர் பிரெஞ்சு. பீஷ்மர் ஏன் பாரிஸ்காரர் மாதிரி பேசவில்லை என்று கேட்டால் எவ்வளவு அபத்தம்!

வெளிநாட்டு மேடையில் என்னைப் படுத்தியது வேறு. தாய்மொழியில் கோபம் வந்தால் சொல்லும் கூடவே வந்துவிடும். வேற்று மொழியில் முதலில் சொல்லைத் தேடிப் பிடித்து, அப்புறம் அதன்மேல் கோபத்தைப் பூச வேண்டியிருக்கும். அந்த அரை நொடித் தாமதம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் வசனத்தை எந்த உணர்ச்சி பாவமும் இல்லாமல், துணி மடிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிச் சொல்லி, வாய் தானாகச் சொல்லும்வரை உருப்போடு. உணர்ச்சியோடு மனப்பாடம் செய்தால் அந்த ராகமே ஒட்டிக்கொள்ளும். எதிர் நடிகர் என்ன செய்தாலும் நீ அதையேதான் பாடுவாய்.

அதன்பிறகு உடம்புக்கு வேலை கொடு. ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் கடைசிக் காலத்தில் உணர்ச்சியைத் துரத்தாமல், பாத்திரம் என்ன செய்கிறது என்பதிலிருந்தே ஒத்திகையைத் தொடங்கச் சொன்னார். எதிரில் இருப்பவரைப் போகவிடாமல் தடுக்க வேண்டுமா? முதலில் தடு. தடுப்பதற்கு இலக்கணம் வேண்டாம். பாஷை தெரியாத இடத்தில் எனக்குக் கைகொடுத்த பாடம் இதுதான்.

படப்பிடிப்பு என்றால் இன்னொன்று. அங்கே பெரும்பாலும் செட்டில் பதிவாகும் குரல்தான் படத்திலும் வரும். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடு. இயக்குநர் சொன்னது புரியாவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேள். கேட்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. தலையாட்டிவிட்டு வேறு ஏதோ செய்தால்தான் எரிச்சல்.

அடுத்த ஆடிஷனுக்கான பக்கங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. வீடியோ அழைப்பில் எதிர்ப் பாத்திரத்தை நான் படிக்கிறேன். வில்லியாக இருந்தால் இன்னும் நல்லது.

அம்மா