மோட்டார் பெட்டியில் இரண்டு எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாசி, பங்குனியில் நம் மாவட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியதும் புது மோட்டார் வாங்குவோர் கூடுகிறார்கள். பெட்டியில் ‘ஹெட் 30 மீட்டர், டிஸ்சார்ஜ் 3000 லிட்டர்’ என்று பெரிதாக இருக்கும். ஹெட் என்பது தண்ணீரை ஏற்றும் உயரம். டிஸ்சார்ஜ் என்பது ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. 30 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டுகூட விழாது. 3000 லிட்டர், கிட்டத்தட்ட உயரமே இல்லாதபோது வருவது. இதைப் பெட்டியில் சொல்லாமல் விடுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

மோட்டாரிலிருந்து தண்ணீர் 6 மீட்டர் கீழே, மாடித் தொட்டி 10 மீட்டர் மேலே என்றால் 16 மீட்டர். குழாயின் உராய்வுக்கும் எல்போ எனும் வளைவுகளுக்கும் 4 சேர்த்து, “20 மீட்டரில் மணிக்கு எத்தனை லிட்டர்?” என்று கடையில் கேளுங்கள். விடை உள்ளே இருக்கும் தாளின் அட்டவணையில் இருக்கும். தாள் இல்லாத மோட்டாரை வாங்க வேண்டாம்.

ஹெட் எவ்வளவு போட்டிருந்தாலும், தரையில் வைக்கும் சாதாரண மோட்டார் 7 மீட்டருக்குக் கீழிருந்து உறிஞ்சத் திணறும். காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. குதிரைத்திறனைக் கூட்டிப் பயனில்லை. மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள்ளேயே இயங்கும் நீர்மூழ்கி மோட்டார் வாங்க வேண்டும்.

பொருத்தியதும் தொட்டி வாயில் 20 லிட்டர் வாளியை வையுங்கள். 60 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர். அட்டவணையைவிட மிகவும் குறைந்தால், முதலில் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள்.

மோட்டார் பழுதுபார்ப்போர்,
தக்கலை